ஜிகாபிட் வாக்குறுதிகளில் எவ்வளவு கழித்துக்கொள்ள வேண்டும்?

கேள்வி
பதிந்தவர்: கூர்நோக்கன்

அனைவருக்கும் வணக்கம். ஏறத்தாழ நாற்பது பேர் பணிபுரியும் ஓர் அலுவலகத்தின் கணினிப் பிரிவை நான் கவனித்துக்கொள்கிறேன். ஒளியிழை வழியாக நாங்கள் பெற்றுவரும் 300 மெகாபிட் இணைப்பின் ஒப்பந்தம் விரைவில் முடிகிறது. அதையே புதுப்பிப்பதா, மொட்டை மாடியில் ஓர் ஆன்டெனாவைப் பொருத்தி 5ஜி வழியிலான கம்பியில்லா இணைப்புக்கு மாறுவதா என்பது குறித்து நிர்வாகத்துக்கு நான் ஒரு குறிப்பு எழுதித் தர வேண்டும்.

இரு தரப்பினரும் அனுப்பியிருக்கும் விளக்கங்களைப் படித்தால் எண்களே மலைக்க வைக்கின்றன. "ஜிகாபிட் வேகம்", "1 மில்லிநொடி தாமதம்", "46 ஜிகாபிட் வைஃபை 7", "6ஜிக்கும் தயார்" என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். கம்பியின் காலம் முடிந்துவிட்டது, இனி எல்லாம் காற்றில்தான் என்று விற்பனையாளர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். ஒளியிழைத் தரப்பினரோ கம்பியில்லா இணைப்பைப் பொழுதுபோக்குக்கு மட்டுமே உதவும் ஒன்றாகப் பேசுகிறார்கள்.

எந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்று நான் கேட்கவில்லை. விளம்பரத்தில் வரும் எண்ணுக்கும் மேசையில் கிடைக்கும் எண்ணுக்கும் இடையே இவ்வளவு தொலைவு இருப்பதற்கு இயற்பியல் காரணமா, வியாபாரத் தந்திரம் காரணமா என்பதையும், எந்த எண்ணைக் கேட்டு வாங்கினால் ஏமாறாமல் இருக்கலாம் என்பதையும்தான் அறிய விரும்புகிறேன்.

எங்கள் இப்போதைய நிலையையும் சொல்லிவிடுகிறேன். 300 மெகாபிட் திட்டம் என்றாலும், கேபிள் வழியே இணைந்திருக்கும் என் மேசைக் கணினியில் ஸ்பீட் டெஸ்ட் எப்போது ஓட்டினாலும் 94 என்றே காட்டுகிறது. அதைத் தவிர, கோப்புகளின் காப்புநகல் பதிவேறிக்கொண்டிருக்கும் வேளையில் காணொளி அழைப்புகளில் குரல் துண்டுதுண்டாக வருகிறது. இரண்டையும் காட்டித்தான் விற்பனையாளர், ஒளியிழை போதவில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று கேட்டார்.


மறுமொழி 1
பதிந்தவர்: அலைநீளம்

கூர்நோக்கன் அவர்களுக்கு வணக்கம். செல்பேசி வலையமைப்புகளின் வானலைப் பகுதியைத் திட்டமிடுவது என் தொழில். எனவே என் தரப்பின் மிகைப்பேச்சை நானே முதலில் எடுத்துவைக்கிறேன்.

5ஜியைப் பற்றிய பெரிய எண்கள் பெரும்பாலும் ஒரே ஆவணத்திலிருந்து வருகின்றன. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட, ஐஎம்டி-2020 (5ஜிக்கு ஒன்றியம் வைத்த பெயர்) தொழில்நுட்பங்களுக்கான குறைந்தபட்சத் தேவைகளைக் கூறும் அறிக்கை அது. பதிவிறக்கத்தின் உச்ச வேகம் 20 ஜிகாபிட் என்று அதில் உள்ளது. அதே அறிக்கையில், நெரிசலான நகர்ப்பகுதியில் பயனர் உணரும் வேகம் 100 மெகாபிட் என்றும் உள்ளது. முதல் எண் இரண்டாவதைப் போல 200 மடங்கு. ஆனால் மேடையில் முழங்குவதற்கு முதல் எண்ணையே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்பதும் அங்கேயே இருக்கிறது. ஒரு ஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் நொடிக்கு எத்தனை பிட்டுகளை ஏற்ற முடியும் என்பதற்கு அந்த அறிக்கை மூன்று அளவுகளைத் தருகிறது. குறுக்கீடோ பிழையோ இல்லாத சூழலில், அலைக்கற்றை முழுவதையும் ஒரே பயனருக்கு ஒதுக்கினால் கிடைக்கும் உச்ச அளவு 30 பிட். நெரிசலான நகர்ப்பகுதியில் ஒரு செல்லின், அதாவது ஓர் ஆன்டெனா சேவை செய்யும் பகுதியின், சராசரி 7.8 பிட். அதே சூழலில், மிகக் குறைவாகப் பெறும் 5 விழுக்காட்டினரின் எல்லையில் நிற்கும் ஒரு பயனரின் பங்கு 0.225 பிட். நடுத்தர அலைவரிசையில் 100 மெகாஹெர்ட்ஸ் இருப்பதாக வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள்: உச்சம் 3 ஜிகாபிட், அந்தச் செல்லில் இருக்கும் எல்லாரும் பகிர்ந்துகொள்ள வேண்டிய சராசரிக் கொள்ளளவு 780 மெகாபிட், ஓரத்தில் இருப்பவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 22 மெகாபிட். நடுத்தர அலைவரிசையில் ஒரே அலைக்கற்றை பதிவேற்றத்துக்கும் பதிவிறக்கத்துக்கும் மாறி மாறிப் பயன்படுவதால், இவற்றிலும் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ள வேண்டும். மூன்று எண்களும் உண்மையே. விற்பனையாளர் எதைச் சொல்கிறார், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

இதில் பெரும்பகுதி இயற்பியல். கிளாட் ஷானன் 1948இல் நிறுவிய எல்லையின்படி, ஒரு தடத்தின் கொள்ளளவு அலைக்கற்றையின் அகலத்துக்கு நேர் விகிதத்தில் உயர்கிறது. குறிப்பலையின் வலிமையைக் கூட்டினால் மடக்கை விகிதத்தில்தான், அதாவது மிக மெதுவாகத்தான் உயர்கிறது. ஆகவே ஒருவருக்கு அதிக வேகம் தர வேண்டுமானால், அகலமான அலைக்கற்றை வேண்டும்; அல்லது ஒவ்வொரு கோபுரமும் குறைவான மக்களுக்கே சேவை செய்ய வேண்டும். அகலமான அலைக்கற்றை 24 கிகாஹெர்ட்சுக்கு மேலே மில்லிமீட்டர் அலைகளில்தான் தாராளமாகக் கிடைக்கிறது. அந்த அலைகளைச் சுவரும் மரத்தின் இலையும் மட்டுமல்ல, செல்பேசியைப் பிடித்திருக்கும் கையே மறைத்துவிடும். மேடைச் செயல்விளக்கங்களில் ஆன்டெனா எதிரே தெரியும்படி நிற்பதற்குக் காரணம் அதுதான்.

"1 மில்லிநொடி" என்பது இன்னும் மோசமாகச் சிதைக்கப்பட்ட எண். அது மிக நம்பகமான, குறுந்தாமதத் தொடர்புகளுக்கென வகுக்கப்பட்ட இலக்கு. வழக்கமான இணையப் பயன்பாட்டுக்கான இலக்கு 4 மில்லிநொடி. இரண்டுமே வானலைப் பகுதியை மட்டும், அதுவும் வேறு சுமை இல்லாத நிலையில், ஒருவழியாக அளப்பவை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. சேவையகம் 1,000 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் போய்வருவதற்கே 10 மில்லிநொடி ஆகும். எந்தத் தலைமுறை ஆன்டெனாவாலும் அதைக் குறைக்க முடியாது.

வியாபாரத்தின் பங்கும் இல்லாமல் இல்லை. வைமேக்ஸ் என்ற கம்பியில்லா இணைய முறை வந்த காலத்தில் "70 மெகாபிட், 50 கிலோமீட்டர்" என்று ஒரே மூச்சில் சொன்னார்கள். ஒன்று கிடைக்கும் இடத்தில் மற்றொன்று கிடைக்காது என்பதை மட்டும் சொல்லவில்லை. 4ஜிக்கு அசைவற்ற நிலையில் 1 ஜிகாபிட் என்ற இலக்கை ஒன்றியம் வைத்திருந்தது; அப்போது 4ஜி என்ற பெயரில் விற்பனைக்கு வந்திருந்த எல்டிஇ தொழில்நுட்பம் அதை எட்டவில்லை. பெயர் சந்தையில் பரவிவிட்டதால், 2010 டிசம்பரில் எல்டிஇ, வைமேக்ஸ், மேம்பட்ட 3ஜி ஆகியவற்றையும் அப்பெயரால் அழைக்கலாம் என்று ஒன்றியமே இறங்கிவந்தது. 2019 தொடக்கத்தில் அமெரிக்காவின் ஏடி&டி நிறுவனம், மேம்படுத்தப்பட்ட 4ஜி வலையமைப்பில் இயங்கிய செல்பேசிகளின் திரையில் "5ஜி இ" என்ற குறியைக் காட்டத் தொடங்கியது. அந்தப் பெயரை விளம்பரங்களில் கைவிடுமாறு அந்நாட்டின் தேசிய விளம்பர மறுஆய்வு வாரியம் 2020 மே மாதத்தில் பரிந்துரைத்தது.

6ஜியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒன்றியம் 2023இல் அதன் சட்டகத்தை ஏற்றது. விவரக்குறிப்புகள் இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை. எழுதப்படாத ஒன்றுக்கு எந்தக் கருவியும் "தயார்" ஆக இருக்க முடியாது. அந்த வரியை உங்கள் குறிப்பிலிருந்து அடித்துவிடுங்கள்.


மறுமொழி 2
பதிந்தவர்: கண்ணாடிநூல்

அலைநீளம் அவர்கள் தம் தரப்பை நேர்மையாக எடுத்துவைத்திருக்கிறார். நிலைத்த இணைப்புகளின் தரப்பிலும் கழிக்க வேண்டியவை இருக்கின்றன. ஆனால் அதற்கு முன் உங்கள் 94ஐப் பார்த்துவிடுவோம், ஏனெனில் அதற்கும் ஒளியிழைக்கும் தொடர்பே இல்லை.

காலை, மாலை, விடுமுறை நாள் என்று எப்போது சோதித்தாலும் ஒரே எண் வருகிறது என்றால், அது நெரிசலின் அடையாளமாக இருக்க முடியாது; நெரிசல் நேரத்துக்கு நேரம் மாறும். கேபிள் வழி வலையமைப்பான ஈதர்நெட்டில் முழு அளவுள்ள ஒவ்வொரு பேக்கெட்டும் (தரவுத் துண்டும்) தன் தலைப்புகளையும் இடைவெளியையும் சேர்த்து 1,538 பைட்டு இடத்தைக் கம்பியில் எடுத்துக்கொள்கிறது. அதில் உங்கள் தரவு 1,448 அல்லது 1,460 பைட்டு மட்டுமே. ஆகவே 100 மெகாபிட் ஈதர்நெட்டில் ஸ்பீட் டெஸ்ட் காட்டக்கூடிய அதிகபட்சம் 94 அல்லது 95. உங்கள் கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையே எங்கோ ஓர் இணைப்பு ஜிகாபிட்டுக்குப் பதிலாக 100 மெகாபிட்டில் இறங்கி நிற்கிறது. ஜிகாபிட் ஈதர்நெட்டுக்குக் கேபிளில் உள்ள நான்கு ஜோடிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிகள் போதும். ஒரு கம்பி அறுந்திருந்தாலோ, முனையைச் சரியாகக் கிரிம்ப் செய்யாமல் விட்டிருந்தாலோ, கருவிகள் எந்த எச்சரிக்கையும் தராமல் 100க்கு இறங்கிவிடும். சுவிட்சில் உங்கள் போர்ட்டின் விளக்கு எந்த நிறத்தில் எரிகிறது என்று பாருங்கள். பல சுவிட்சுகளில் ஜிகாபிட்டுக்கு ஒரு நிறமும் 100க்கு வேறு நிறமும் உண்டு. கணினியின் நெட்வொர்க் அமைப்பிலும் இணைப்பு வேகம் எழுதியிருக்கும். பழைய சுவிட்ச் எதுவும் நடுவில் ஒளிந்திருக்கிறதா என்றும் தேடுங்கள்.

இனி ஒளியிழைக்கு வருகிறேன். அதுவும் பகிரப்படுவதுதான். ஜிபான் எனப்படும் பரவலான முறையில் ஒரே இழையில் பதிவிறக்கத்துக்கு ஏறத்தாழ 2.5 ஜிகாபிட்டும், பதிவேற்றத்துக்கு அதில் பாதியும் உள்ளன. அந்த இழை வழியில் பிரிப்பான்களால் 32 அல்லது 64 இணைப்புகளாகப் பிரிகிறது. 32 பேரும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இறக்கினால் ஆளுக்கு 78 மெகாபிட்டுக்கும் குறைவாகவே கிடைக்கும். ஆயினும் அவ்வாறு எல்லாரும் ஒரே நொடியில் இறக்குவது அரிது என்பதால் 300 மெகாபிட்டை விற்பதில் தவறில்லை. எக்ஸ்ஜிஎஸ்-பான் என்ற அடுத்த முறையில் இருபுறமும் 10 ஜிகாபிட் கிடைக்கிறது. இந்த மேம்பாட்டுக்குத் தெருவில் புதைத்த இழையைத் தோண்டி எடுக்க வேண்டியதில்லை, இரு முனைகளிலும் உள்ள கருவிகளை மாற்றினால் போதும். காற்றில் இது இயலாது. அலைக்கற்றையை ஒருவருக்குக் கொடுத்தால் பக்கத்தில் இருப்பவருக்கு அது கிடையாது. ஒளியிழைக்கு உண்மையான மேன்மை இதில்தான் இருக்கிறது. இன்று விற்கும் திட்டத்தின் வேகத்தை வைத்து அதை எடைபோடக் கூடாது.

எங்கள் தரப்பின் பெரிய புரட்டு "ஃபைபர்" என்ற சொல்லிலேயே இருக்கிறது. தெருமுனைப் பெட்டி வரை ஒளியிழை, அதன் பிறகு பழைய செம்புக் கம்பி என்ற அமைப்பையும் பல நாடுகளில் ஃபைபர் என்றே விற்றிருக்கிறார்கள். செம்பில் வேகம் தொலைவோடு தேய்ந்துகொண்டே போகும். ஆகவே இழை உங்கள் கட்டடத்துக்குள் வந்து முடிகிறதா என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

"வரை" என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரிட்டனில், "இத்தனை மெகாபிட் வரை" என்று விளம்பரம் செய்வதற்கு, பத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு அந்த வேகம் கிடைத்தாலே போதும் என்ற நிலை பல ஆண்டுகள் இருந்தது. 2018 மே மாதம் முதல், நெரிசல் நேரத்தில் குறைந்தது பாதி வாடிக்கையாளர்களுக்குக் கிடைக்கும் சராசரி வேகத்தையே விளம்பரத்தில் காட்ட வேண்டும் என்று அங்கே விதி மாற்றப்பட்டது. தொழில்நுட்பம் அப்படியே இருக்க, பல நிறுவனங்களின் விளம்பர எண்கள் மட்டும் இறங்கின. மிகைப்பேச்சு எவ்வளவு இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் அளந்துகாட்டியதில்லை என்பது என் எண்ணம்.


மறுமொழி 3
பதிந்தவர்: நடுநிலை_வாசகன்

இருவரும் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இப்படிக் கழித்துக்கொண்டே போனால், இறுதியில் கம்பியில்லா இணைப்பில் ஒன்றுமே இல்லை என்ற எண்ணம் வந்துவிடும், அதுவும் மிகைதான்.

5ஜியில் உண்மையாகவே நடந்த முன்னேற்றம், ஒரே கோபுரத்தில் 64 அலைப்பரப்பிகள் வரை கொண்ட ஆன்டெனாக்களை வைத்து, ஒவ்வொரு பயனரையும் நோக்கித் தனித்தனிக் கற்றைகளாக அலைகளைச் செலுத்துவதாகும். அதன் பயன் பெரும்பாலும் வலையமைப்பின் கொள்ளளவில் தெரிகிறது. தனி ஒருவரின் ஸ்பீட் டெஸ்டில் அவ்வளவாகத் தெரிவதில்லை. அதனால்தான் மக்கள் ஏமாற்றமடைகிறார்கள். மொட்டை மாடியில் நிலையாகப் பொருத்திய, கோபுரத்தை நேராகப் பார்க்கும் ஆன்டெனா, அறைக்குள் இருக்கும் செல்பேசியைவிட மிக நல்ல குறிப்பலையைப் பெறும் என்பதும் உண்மை. அந்தச் செல்லில் நெரிசல் குறைவாக இருந்தால் பல நூறு மெகாபிட் கிடைப்பதில் வியப்பில்லை.

கேட்க வேண்டிய கேள்வி, அந்தச் செல்லில் இன்னும் எத்தனை பேருக்கு இதே திட்டத்தை விற்கப்போகிறார்கள் என்பதே. முதல் மாதத்தில் கிடைக்கும் வேகம், பக்கத்துக் கட்டடங்களும் சேர்ந்த பிறகு அப்படியே இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. செல்பேசியைக் கண்டுபிடித்தவர்களில் முன்னோடியான மார்ட்டின் கூப்பர், வானலைத் தொடர்பின் கொள்ளளவு 1950களிலிருந்து பத்து இலட்சம் மடங்கு பெருகியதற்குக் காரணம் கூறும்போது, அலைக்கற்றையைக் கூட்டியதால் 25 மடங்கு என்றும், செல்களைச் சிறிதாக்கி ஒரே அலைவரிசையை மீண்டும் மீண்டும் பயன்படுத்தியதால் 1,600 மடங்கு என்றும் பிரித்துக் காட்டினார். செல் சிறிதாவது என்றால் கோபுரங்கள் கூடுகின்றன என்று பொருள். ஒவ்வொரு கோபுரத்துக்கும் தரவைக் கொண்டுவர ஒளியிழை வேண்டும். கம்பியின் காலம் முடிந்தது என்று சொன்ன அந்த விற்பனையாளரிடம், அவருடைய கோபுரத்துக்கு இணையம் எதன் வழியாக வருகிறது என்று கேட்டுப் பாருங்கள்.


மறுமொழி 4
பதிந்தவர்: மாடிப்படி

வைஃபையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்பதால் எழுதுகிறேன். அலுவலகங்களில் "இணையம் மெதுவாக இருக்கிறது" என்று வரும் புகார்களில் கணிசமானவை வைஃபையில் பிறப்பவை. பழியோ வெளி இணைப்பின் மேல் விழுகிறது.

46 ஜிகாபிட் என்பது 16 தரவோடைகள் (ஒரே நேரத்தில் இணையாகச் செல்லும் தரவுத் தொடர்கள்), 320 மெகாஹெர்ட்ஸ் அகலம், 4096 நிலைப் பண்பேற்றம் (அலையில் தரவை ஏற்றும் முறை) ஆகிய மூன்றும் ஒருசேர அமைந்தால் வரும் எண். இறுதி செய்யப்பட்ட வைஃபை 7 தரநிலை 8 தரவோடைகளோடு நின்றுவிட்டதால், தாளிலேயே அது ஏறத்தாழ 23 ஆகிவிடுகிறது. உங்கள் ஊழியர்களின் மடிக்கணினிகளில் பொதுவாக இரண்டு ஆன்டெனாக்கள்தான் இருக்கும். இரண்டு தரவோடைகளுக்கு 320 மெகாஹெர்ட்சில் 5.76 ஜிகாபிட், 160 மெகாஹெர்ட்சில் 2.88 ஜிகாபிட். 320 மெகாஹெர்ட்ஸ் அகலம் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே கிடைக்கும். அந்த அலைவரிசையை எல்லா நாடுகளும் ஒரே அளவில் திறந்துவிடவில்லை. நாற்பது பேர் இருக்கும் தளத்தில் பல அணுகுமுனைகளை (வைஃபை அலையைப் பரப்பும் கருவிகளை) வைக்கும்போது, அவை ஒன்றையொன்று இடிக்காமல் இருக்க 80 அல்லது 40 மெகாஹெர்ட்சுக்கு நீங்களே குறைத்துவிடுவீர்கள்.

4096 நிலைப் பண்பேற்றம் பெரிதாகத் தோன்றும். முந்தைய தலைமுறையின் 1024 நிலையில் ஒரு குறியீட்டுக்கு 10 பிட். இதில் 12 பிட். ஆக, ஆதாயம் 20 விழுக்காடு மட்டுமே, அதுவும் அணுகுமுனை இருக்கும் அதே அறையில் அமர்ந்திருப்பவருக்கு. ஒரு சுவரைத் தாண்டினால் கருவி தானாகவே கீழ்நிலைகளுக்கு இறங்கிவிடும்.

பெட்டியின் மேல் "ஏஎக்ஸ்3000" என்பதுபோல அச்சிட்டிருக்கும் எண்கள் கூட்டுத்தொகைகள். 2.4 கிகாஹெர்ட்சில் 574, 5 கிகாஹெர்ட்சில் 2,402. இரண்டையும் கூட்டி முழுமையாக்கி 3,000 என்கிறார்கள். இரு பேருந்துகளின் வேகத்தைக் கூட்டி, ஊருக்கு இரட்டை வேகத்தில் போகலாம் என்று சொல்வதற்கு ஒப்பானது இது. மேலும், ஒரு நேரத்தில் ஒரு தடத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதாலும், பேசுவதற்கு முன் காத்திருக்க வேண்டும் என்பதாலும், திரையில் காட்டும் இணைப்பு வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு கையில் கிடைத்தால் அது நல்ல வைஃபை. அறையின் மூலையில் பழைய கருவி ஒன்று குறைந்த வேகத்தில் பேசிக்கொண்டிருந்தால், அது எடுத்துக்கொள்ளும் நேரம் மற்ற எல்லாருடைய நேரத்திலிருந்தும் போகும். இந்த ஒன்றைச் சரிசெய்தாலே பல அலுவலகங்களில் புதிய ரவுட்டர் தேவைப்படாது.

விலை உயர்ந்த ஒரே ரவுட்டரைவிட, கேபிளால் இணைத்த நடுத்தரமான மூன்று அணுகுமுனைகள் மேல் என்பது என் திடமான கருத்து. இதில் கருத்து வேறுபாடு உள்ளவர்கள் இருக்கலாம்.


கூர்நோக்கன் (கேள்வி கேட்டவர்)

அனைவருக்கும் நன்றி. கண்ணாடிநூல் அவர்கள் சொன்னபடியே சுவிட்சைப் பார்த்தேன். என் மேசைக்கு வரும் போர்ட்டின் விளக்கு மட்டும் வேறு நிறத்தில் எரிந்தது. சுவர்ப் பெட்டிக்குள் ஒரு கம்பி முனையிலிருந்து விலகியிருந்தது. அதைச் சரிசெய்த பிறகு 280க்கு மேல் காட்டுகிறது. இனி அந்த 94ஐ யாரும் சான்றாகக் காட்ட முடியாது.

ஆயினும் காணொளி அழைப்பில் குரல் உடைவது நிற்கவில்லை. எங்கள் திட்டத்தில் பதிவேற்றம் 30 மெகாபிட். ஓர் அழைப்புக்கு 3 அல்லது 4 மெகாபிட் போதும் என்று படித்தேன்; அப்படியிருக்க ஏன் உடைய வேண்டும்? இதற்கு ஜிகாபிட் இணைப்புதான் தீர்வா?


மறுமொழி 5
பதிந்தவர்: வரிசைக்காரன்

தீர்வு அங்கே இல்லை. ஒரு காப்புநகல் மென்பொருள், கிடைக்கும் பதிவேற்ற வேகம் முழுவதையும் எடுத்துக்கொள்ளவே முயலும். 30 இருந்தால் 30ஐயும் நிரப்பும், 100 இருந்தால் 100ஐயும் நிரப்பும். நிரம்பும்போது பேக்கெட்டுகள் ரவுட்டரிலோ மோடத்திலோ உள்ள பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) வரிசையில் காத்திருக்கின்றன. அந்தப் பஃபர் 3 மெகாபைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 24 மெகாபிட். அதை 30 மெகாபிட் பாதையில் காலி செய்ய 0.8 நொடி ஆகும். உங்கள் குரலைச் சுமந்துவரும் சிறு பேக்கெட் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. முக்கால் நொடிக்கு மேல் தாமதமானால் உரையாடல் உடையாமல் என்ன செய்யும்?

இதை 2010ஐ ஒட்டிய காலத்தில் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தம் வீட்டு இணைப்பில் கவனித்து, பஃபர் வீக்கம் என்ற பொருளில் பெயரிட்டு, தொழில்துறையின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். கேத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் ஆகிய இருவரும் 2012இல் கோடெல் என்ற வரிசை மேலாண்மை முறையை வெளியிட்டார்கள். அதனோடு ஒவ்வொரு தரவோட்டத்துக்கும் தனி வரிசை தரும் ஏற்பாட்டைச் சேர்த்த எஃப்கியூ-கோடெல் என்ற முறை 2018இல் இணைய நெறிமுறை ஆவணமாகவும் வந்துவிட்டது. இன்று பல ரவுட்டர்களில் இது இருக்கிறது. இயக்கி வைப்பதற்குத்தான் ஆளில்லை. விளம்பரத்தில் போடத்தக்க பெரிய எண் எதையும் இது தருவதில்லை என்பதே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

செய்து பாருங்கள். ஒரு சாளரத்தில் வெளியே உள்ள சேவையகம் ஒன்றுக்குத் தொடர்ந்து பிங் (பேக்கெட் போய்வர ஆகும் நேரத்தை அளக்கும் சோதனை) ஓடட்டும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே காப்புநகலைத் தொடங்குங்கள். 15 மில்லிநொடியில் இருந்த எண் 300, 600 என்று ஏறினால் காரணம் உறுதியாகிவிடும். பிறகு ரவுட்டரில் வரிசை மேலாண்மையை இயக்கி, பதிவேற்ற எல்லையை உண்மையான வேகத்தில் 90 முதல் 95 விழுக்காடு வரை வையுங்கள், அதாவது உங்களுக்கு 27 அல்லது 28 மெகாபிட். வரிசை உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் ரவுட்டருக்கு வந்துவிடும். பிங் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே நிற்கும். ஸ்பீட் டெஸ்டில் இரண்டு மூன்று மெகாபிட் குறைந்து தெரியும். அதற்காக நிர்வாகம் உங்களைக் கேள்வி கேட்டால், அழைப்பில் குரல் உடைகிறதா என்று அவர்களையே சோதிக்கச் சொல்லுங்கள்.

கம்பியில்லா இணைப்போடு ஒப்பிடும்போது இந்த இடத்தில் ஒரு நடைமுறைச் சிக்கல் வருகிறது. மேற்சொன்ன எல்லையை நிர்ணயிக்க, பாதையின் வேகம் ஓரளவு நிலையாக இருக்க வேண்டும். ஒளியிழையில் அது நிலையாக இருக்கும். 5ஜி இணைப்பில் காலையில் 80 மெகாபிட்டாக இருந்த பதிவேற்றம் மாலையில் 15 ஆகலாம். நிலையான எல்லையை எங்கே வைப்பது? குறைவாக வைத்தால் வேகத்தை வீணாக்குகிறீர்கள், அதிகமாக வைத்தால் வரிசை மீண்டும் வளர்கிறது. அளந்து தானாகவே எல்லையை மாற்றும் முறைகள் இருக்கின்றன. ஆனால் அவற்றைப் பராமரிக்க ஒருவர் வேண்டும். வெறும் உச்ச வேகத்தை ஒப்பிடும் அட்டவணையில் இந்த வேறுபாடு தென்படவே படாது.

உங்கள் குறிப்புக்காக இரு தரப்பினரிடமும் எழுத்தில் கேட்க வேண்டியவற்றையும் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டு விதிமுறை, நிலைத்த இணைப்பு தருவோர் குறைந்தபட்ச வேகம், வழக்கமாகக் கிடைக்கும் வேகம், அதிகபட்ச வேகம், விளம்பர வேகம் ஆகிய நான்கையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும் என்கிறது. செல்பேசி வலையமைப்புகளிடம் அது கேட்பது மதிப்பிடப்பட்ட அதிகபட்சத்தையும் விளம்பர வேகத்தையும் மட்டுமே. கம்பியில்லா இணைப்பில் குறைந்தபட்சத்துக்கு உறுதி தருவது எவ்வளவு கடினம் என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்வதாகத்தான் நான் இதைப் படிக்கிறேன். அந்த நான்கு எண்களையும் இரு தரப்பினரிடமும் கேளுங்கள். பதிவேற்றத்துக்கும் தனியே கேளுங்கள். பலர் அதைச் சொல்லாமல் விடுவார்கள். பழுது ஏற்பட்டால் எத்தனை மணி நேரத்தில் சரிசெய்வார்கள் என்பதும், மாதத்தில் இவ்வளவு தரவுக்குப் பிறகு வேகம் குறைக்கப்படுமா என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

5ஜி தரப்பினர் மாடியில் ஆன்டெனாவைச் சோதனைக்குப் பொருத்தித் தர முன்வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் காப்புநகல் ஓடும் நேரத்திலும், சுற்றுவட்டாரமே இணையத்தில் இருக்கும் இரவு எட்டு முதல் பத்து மணி வரையிலும், மழை பெய்யும் நாள் ஒன்றிலும் பிங்கைப் பதிவுசெய்யுங்கள். ஸ்பீட் டெஸ்டைப் பக்கத்தில் உள்ள சேவையகத்தோடு மட்டும் ஓட்டாமல், நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் சேவை இருக்கும் இடத்தோடும் ஓட்டுங்கள். முடிவு எப்படி இருந்தாலும் அந்த ஆன்டெனாவைக் கழற்றச் சொல்ல வேண்டாம் என்பேன். தெருவைத் தோண்டும் எந்திரம் ஒளியிழையை அறுத்துவிட்டால், பழுதுபார்க்க ஆள் வரும் வரை அலுவலகத்தை ஓட்டுவதற்கு 15 மெகாபிட் பதிவேற்றமே தாராளம். இரண்டுக்கும் இடையே தானாக மாறும் வசதி உங்கள் ரவுட்டரில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வையுங்கள்.